ஜப்பானின் கெய் டிரக்கை அமெரிக்காவுக்கு இறக்கி வைத்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1996ஆம் வருட சுபாரு சாம்பர் ஒன்று இருக்கிறது. ஹூஸ்டனுக்குத் தெற்கே எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு உரமும் மண்ணும் ஏற்றி வரும் சின்னப் பிக்கப். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் அதை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் திரும்பினால், நாலு பேராவது சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருடக்கணக்காக ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதில் சிலர் உண்மையிலேயே வாங்கக் கிளம்பி, முதலில் வண்டியைப் பிடித்துவிட்டு அப்புறம் பேப்பரைத் தேடுகிறார்கள். அந்த வரிசை தலைகீழ். பணத்தையும் மனசையும் அதில் தொலைத்தவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"இது நம்ம ஊர் குட்டி யானைதானே அண்ணா? இந்தியாலேர்ந்தா இறக்குனீங்க?"

இல்லை, ஜப்பானிலிருந்து. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் வந்தது. சாம்பர் 1961 முதல் இருக்கிறது. ஜப்பானில் 'கெய்' என்பது சட்டப்படி ஒரு தனி வாகன வகை. இன்றைய அளவு 1998 அக்டோபரில் வந்தது: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், என்ஜின் 660 சிசி. இதைத் தாண்டினால் அது கெய் இல்லை. அதற்கு முந்தைய 1990களின் வண்டிகள் இன்னும் ஒல்லி: 3.3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். என்னுடையது அந்த ரகம். சட்டப்படியான சுமை 350 கிலோ. வயல் வரப்பை ஒட்டிய ஒற்றையடிச் சாலையிலும் நுழைய வேண்டும் என்றே செய்த வண்டி இது.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதும் அல்ல. 1984இல் வந்த மாருதி வேனை, பிறகு ஆம்னி என்று பெயர் மாறியதை, ஓட்டாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அது சுசுகி கேரியின் ஒரு தலைமுறைதான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என் வண்டியைப் பார்த்ததும் "எங்கட பட்டா மாதிரிக் கிடக்கு" என்றார். இலங்கையில் டாடா ஏஸுக்குப் பட்டா என்றுதான் பெயர். உருவம் அப்படி. ஆனால் இதன் என்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது, அதுவும் நான்கு சிலிண்டர். குட்டி யானை ஓட்டியவர் உட்கார்ந்து சாவி திருப்பினால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

"ஜப்பான்ல இப்பவும் புதுசு விக்கிறாங்களே, அதையே இறக்கிக்க வேண்டியதுதானே?"

முடியாது. 1988இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம்தான் காரணம். அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்கு என்று தயாரிக்கப்படாத வண்டியை இங்கே சாலை வாகனமாக இறக்க வேண்டுமானால், அது தயாராகி 25 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு பெற்ற இறக்குமதியாளர் ஒருவர் அதைத் தரத்துக்கு மாற்றியமைக்க வேண்டும். கெய் டிரக்குக்கு அந்தச் செலவு வண்டியின் விலையைப் பல மடங்கு தாண்டும், யாரும் செய்வதில்லை.

புகைக்கு வேறொரு கணக்கு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 21 ஆண்டு போதும். ஆனால் என்ஜின் வண்டியோடு வந்த அதே அமைப்பில் இருக்க வேண்டும். 25ஐத் தாண்டிய வண்டி 21ஐயும் தாண்டியிருக்கும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. யாரோ ஆசைப்பட்டு வேறு என்ஜின் மாற்றிய வண்டி என்றால் இங்கே சிக்கும்.

"25 வருஷம்னா எந்தத் தேதியிலேர்ந்து? மாடல் வருஷமா, ரிஜிஸ்டர் பண்ண தேதியா?"

தயாரான மாதத்திலிருந்து. 2001 மார்ச்சில் தயாரான வண்டி 2026 மார்ச்சில் தகுதி பெறும். 'மாடல் வருஷம்' என்ற பேச்சே ஜப்பானில் இல்லை. அவர்களுடைய ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவு மாதம். வண்டி தயாராகிச் சில மாதம் ஷோரூமில் நின்றுவிட்டுப் பதிவாகியிருக்கலாம். ஆகவே பதிவு தேதி 25 ஆண்டைத் தாண்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. தாண்டவில்லை, தயாரான மாதம் மட்டும் தாண்டிவிட்டது என்றால், அதை நிரூபிக்கும் காகிதம் கையில் வேண்டும். சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பு மாதத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஆனாலும் 25 ஆண்டுக் கணக்கின் விளிம்பில் நிற்கும் வண்டியை வாங்காமல் இரண்டு மாதம் பொறுங்கள் என்றே சொல்வேன்.

ஜப்பானியக் காகிதங்களில் வருடம் பேரரசர் ஆட்சிக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் 8 என்றால் 1996, ஹெய்செய் 13 என்றால் 2001. ஹெய்செய் எண்ணோடு 1988ஐக் கூட்டினால் போதும்.

"சாம்பர், ஆக்டி, கேரி, ஹைஜெட்... எதை வாங்குறது?"

நான் சாம்பர் பைத்தியம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் என்ஜின். காலியாக ஓடும்போதும் பின் சக்கரத்தில் எடை இருப்பதால் சேற்றில் பிடிப்பு நன்றாக இருக்கும். நான்கு சக்கர இயக்கத்துக்கு கியர் குமிழில் ஒரு பொத்தான். மிக மெதுவாக ஊர்வதற்கு 'ஈஎல்' என்று ஒரு கூடுதல் கியர். சுபாரு இதைச் சொந்தமாகத் தயாரிப்பதை 2012இல் நிறுத்திவிட்டது. இன்று சாம்பர் என்ற பெயரில் விற்பது டைஹாட்சு ஹைஜெட்டேதான். அதனால் பழைய சாம்பருக்கு ஜப்பானிலேயே பாசக்காரர்கள் அதிகம், விலையும் கொஞ்சம் கூடுதல்.

ஹோண்டா ஆக்டியில் என்ஜின் சரக்குத் தட்டுக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால் இருக்கும். 'அட்டாக்' என்று ஒரு வகை உண்டு; முன்னாலும் பின்னாலும் அதிமெதுவாகப் போக அதில் தனி கியர்கள். ரப்பர் தோட்டம், மரம் வெட்டுவது மாதிரி வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. ஆக்டியும் 2021இல் நின்றுவிட்டது. சுசுகி கேரியும் ஹைஜெட்டும் எளிமையானவை. இருக்கையைத் தூக்கினால் என்ஜின், பாகம் மலிவு, முதல் வண்டிக்கு நிம்மதி. எந்த வண்டியானாலும் சேசிஸ் எண்ணின் முன்னொட்டைப் பாருங்கள்: சாம்பரில் கேஎஸ்3 இரு சக்கர இயக்கம், கேஎஸ்4 நான்கு சக்கரம், அதே கால ஆக்டியில் எச்ஏ3, எச்ஏ4. விற்பவர் 'நான்கு சக்கரம்' என்று எழுதிவிட்டு எச்ஏ3 காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"ஏலத்துல போட்டோவை மட்டும் பாத்து எப்படிப்பா காசு அனுப்புறது?"

போட்டோவைப் பார்த்து அனுப்ப வேண்டாம். ஏலத்தாளைப் பார்த்து அனுப்புங்கள். ஜப்பானின் பெரிய வாகன ஏலங்களில் தனி நபர் கலந்துகொள்ள முடியாது. உறுப்பினராக உள்ள ஏற்றுமதியாளர் உங்களுக்காகக் கேட்பார். ஒவ்வொரு வண்டிக்கும் ஏல நிறுவனத்தின் ஆய்வாளர் எழுதிய ஒரு தாள் உண்டு. மேலே மதிப்பெண், 4.5, 4, 3.5 என்று இறங்கும். 'ஆர்' என்று இருந்தால் விபத்துக்குப் பின் சட்டகம் பழுது பார்த்தது. உள்பகுதிக்கு ஏ, பி, சி. கீழே வண்டியின் படத்தில் குறிகள்: ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் டிங்கரிங் பண்ணிய அலை, எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு. பக்கத்து எண் பெரிதாக ஆக, சேதம் பெரிது.

25 வயது கெய் டிரக்கில் கீறலும் நசுங்கலும் ஒரு பொருட்டே அல்ல. அது வேலை செய்த வண்டி. துருதான் விஷயம். ஹொக்கைடோ, நீகாட்டா மாதிரிப் பனிப் பகுதியில் சாலையில் உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய வண்டி மேலே பளபளவென்று இருந்தாலும் அடியில் அரித்துப் போயிருக்கும். ஓட்டுநர் காலடித் தகடு, கேபினுக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள மூலை, பின் சட்டகம், இந்த மூன்றுக்கும் அருகிலிருந்து எடுத்த படம் கேளுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அது அழகுக்காக அல்ல, மறைக்க. ஆய்வாளர் கையால் கிறுக்கிய ஜப்பானியக் குறிப்புகளை முழுசாக மொழிபெயர்த்து அனுப்பாத ஏற்றுமதியாளரை விட்டுவிடுங்கள்.

"எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்? ஏதோ கோழி வரின்னு சொல்றாங்களே?"

கோழி வரி உண்மை. 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டன. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் சில பொருட்களுக்கு வரி போட்டார், 1964இல் அமலுக்கு வந்தது. மற்றவை காலப்போக்கில் போய்விட்டன. சிறிய டிரக்குகள் மீதான 25 சதவீதம் மட்டும் நின்றுவிட்டது. காருக்கு வழக்கமான வரி 2.5 சதவீதம்தான். இந்த வித்தியாசத்துக்காகவே சுபாரு தன் பிராட் பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு இருக்கைகளைப் பொருத்தி, பயணிகள் கார் என்று சொல்லி இறக்கியது.

கணக்கு இப்படி: 2,500 டாலர் வண்டிக்கு 625 டாலர் கோழி வரி. அமெரிக்கச் சுங்கம் கப்பல் கூலியைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பைப் பார்க்கும். ஆகவே விலைப்பட்டியலில் வண்டி விலையும் கப்பல் கூலியும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். சேர்த்து எழுதினால் கூலிக்கும் வரி கட்டுவீர்கள். இதற்கு மேல் சுங்கச் செயலாக்கக் கட்டணம், 0.125 சதவீதம் துறைமுகப் பராமரிப்புக் கட்டணம், தரகர் கூலி, பிணைப்பத்திரம், துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு இழுத்து வரும் கூலி. மலிவான வண்டி என்றால் கப்பல் கூலியே வண்டி விலைக்குச் சமமாக வந்து நிற்கும். 2025 ஏப்ரலில் வாகனங்களுக்கு வந்த கூடுதல் வரியில் 25 ஆண்டு கடந்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வரி அறிவிப்புகள் இப்போது வேகமாக மாறுகின்றன. கப்பல் ஏறும் முன் அன்றைய மொத்த வரி எவ்வளவு என்று தரகரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

"பேப்பர் வேலையை நானே பண்ணிக்கலாமா, இல்ல புரோக்கர் வேணுமா?"

சட்டப்படி நீங்களே செய்யலாம். முதல் வண்டிக்கு வேண்டாம். கடல் சரக்குக்கு ஐஎஸ்எஃப் என்று ஒரு முன்னறிவிப்பு உண்டு. கண்டெய்னரில் வருகிறதென்றால் ஜப்பானில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அது சுங்கத்துக்குப் போக வேண்டும். தவறினால் அபராதம் 5,000 டாலர் வரை. வண்டி விலையைவிட அது அதிகம்.

தரகர் வைத்தாலும் மூன்று படிவங்களின் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள். எச்எஸ்-7 பாதுகாப்புக்கு, அதில் முதல் கட்டம்தான் '25 ஆண்டு கடந்தது'. 3520-1 புகைக்கு, அதில் 'ஈ' என்ற குறி 21 ஆண்டு விலக்கு. 7501 சுங்கப் பதிவுச் சுருக்கம், வரி கட்டியதற்கு அதுதான் சாட்சி. ஜப்பான் பக்கத்திலிருந்து ஏற்றுமதிச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, விலைப்பட்டியல், கப்பல் ரசீது. அசல் ஏற்றுமதிச் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்தே தீர வேண்டும், நகல் போதாது. பணத்தின் கடைசிப் பகுதியை அதன் ஸ்கேன் வந்த பிறகு அனுப்பினேன். எல்லா ஏற்றுமதியாளரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

"துறைமுகத்துல வண்டியைப் புடிச்சு வெச்சுக்குவாங்களா?"

பேப்பர் சரியாக இருந்தால் பெரும்பாலும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்து வைத்தார்கள், காரணம் மண். அந்நிய நாட்டு மண் ஒட்டிய வண்டியை வேளாண் ஆய்வாளர்கள் உள்ளே விடமாட்டார்கள். அதில் விதையும் புழுவும் வரும். என் சாம்பர் வயலில் வேலை செய்தது. கழுவிவிட்டோம் என்று விற்றவர் சொன்னார். மேலே கழுவியிருந்தார்கள். சட்டகத்தின் உள்பள்ளத்தில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. நீராவியில் கழுவச் செலவு, அதுவரை நின்றதற்கு நாள் வாடகை. அந்தச் செலவு என் மேல்தான் விழுந்தது.

ஆகவே ஏற்றுமதியாளரிடம் அடிப்பகுதி நீராவிக் கழுவல் என்று தனியாகக் கேட்டு, கழுவிய பின் எடுத்த படத்தையும் வாங்குங்கள். தட்டில் பழைய கயிறு, மரப்பலகை, வைக்கோல் எதுவும் இருக்கக் கூடாது. ரோரோ கப்பலில், அதாவது வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் கப்பலில், உதிரிப் பொருள் வைத்து அனுப்புவதும் சரிப்படாது. தனி பம்பர், சக்கரம் எல்லாம் வேண்டுமென்றால் கண்டெய்னர்தான்.

"கஸ்டம்ஸ் விட்டாச்சுன்னா நம்பர் பிளேட் கிடைச்சிரும்ல?"

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இறக்குமதி கூட்டாட்சி விஷயம்; நம்பர் பிளேட் மாநில விஷயம். கூட்டாட்சிச் சட்டம் 25 ஆண்டைக் கடந்த வண்டியை உள்ளே விடுகிறது என்பதால் மாநிலம் அதைச் சாலையில் விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனத் துறைகளின் கூட்டமைப்பு 2011இல் மாநிலங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் தந்தது: இந்தச் சின்ன டிரக்குகளைச் சாலைக்குப் பதிவு செய்யாதீர்கள் என்று. அதைப் பிடித்துக்கொண்டு சில மாநிலங்கள், ஏற்கெனவே கொடுத்த பதிவைக்கூடத் திரும்ப வாங்கின. ரோட் ஐலண்டில் 2021இல் அது நடந்தது. மாசச்சூசெட்ஸ் 2024இல் பதிவை நிறுத்தி, ஆர்வலர்கள் எதிர்த்ததும் அதே ஆண்டு திரும்ப அனுமதித்தது. கலிஃபோர்னியாவில் புகை விதியே தடை. 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் விலக்கு, அதற்குப் பிந்தையதை அங்கே பதிவு செய்வது ஏறத்தாழ முடியாத காரியம்.

டெக்சாஸில் நானே பட்டேன். வண்டி 2022இல் வந்தது. வரி கட்டியாச்சு, எச்எஸ்-7 கையில், ஆனால் பதிவு கிடையாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அது தோட்டத்துக்குள் மட்டும் ஓடியது. இங்குள்ள ஆர்வலர்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் துறைக்கும் விடாமல் எழுதினார்கள், நானும் எழுதினேன். 2024 ஏப்ரலில் துறை கொள்கையை மாற்றியது. முதல் நாள் பிளேட்டை மாட்டித் தெருவில் இறக்கியபோது கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டைத் தவிர்த்திருக்கலாம். ஏலத்தில் கை தூக்கும் முன் உங்கள் மாநிலத் துறைக்கு எழுதி, கெய் டிரக், 25 ஆண்டு கடந்தது, 17 இலக்க வாகன அடையாள எண் (வின்) இல்லாதது, பதிவாகுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒருவர் வாயால் சொல்வது பதில் ஆகாது.

"எங்க ஸ்டேட்ல கிடைக்காதுன்னா மொன்டானால ஒரு கம்பெனி போட்டு அங்க பிளேட் வாங்கிக்கலாமாமே?"

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் நிரந்தரமாக ஓடும் வண்டியை அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். பிடிபட்டால் வரி ஏய்ப்பு என்று பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் காப்பீடு. வண்டி எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார் என்று உண்மைக்கு மாறாகச் சொல்லி வாங்கிய காப்பீடு, விபத்தன்று கை விரிக்கும். மோதியதில் இன்னொருவருக்குக் கால் போயிருந்தால் அந்தப் பணத்தை யார் கொடுப்பது? குடும்பம் உள்ளவர்கள் யோசியுங்கள்.

"பக்கத்து ஊர்ல ஒருத்தர் 2012 மாடல் கேரி விக்கிறாரு, 'ஆஃப் ரோடு டைட்டில்'ங்கிறாரு. வாங்கி ரோட்டுக்கு மாத்திக்கலாமா?"

கூடாது. வேகத்தை மணிக்கு 25 மைலுக்குள் பூட்டி, சாலைக்கு வராத பண்ணை வண்டி என்று அறிவித்து இறக்கியவை அவை. பூட்டைக் கழற்றினால் அது சாலை வண்டி ஆகிவிடாது. 25 ஆண்டு விதியை மீறிய வண்டி ஆகிவிடும். பண்ணைக்குள் மட்டும் என்றால் நல்ல பொருள், வாங்குங்கள்.

உள்ளூரில் வாங்கும்போது விற்பவரிடம் எச்எஸ்-7 நகலைக் கேளுங்கள். முதல் கட்டத்தில் குறி இருந்தால் சாலை வண்டியாக வந்தது. வேறு கட்டம் என்றால், அல்லது நகலே இல்லை என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் சாலைக்கு என்று எண்ணி வாங்காதீர்கள்.

"17 நம்பர் வின் இல்லாம இன்சூரன்ஸ் எப்படி?"

ஜப்பானிய உள்ளூர் வண்டிகளுக்கு 17 இலக்க எண் கிடையாது. முன்னொட்டும் அதன் பின்னால் ஆறேழு எண்ணும் மட்டும். பெரிய நிறுவனங்களின் கணினி அதை ஏற்காது. பழைய, அபூர்வ வண்டிகளுக்கென்றே இருக்கும் ஹேகர்ட்டி போன்ற நிறுவனங்களுக்கு இது பழக்கம். வண்டியின் மதிப்பை முன்பே பேசி எழுதிக்கொள்ளும் காப்பீடு அங்கே கிடைக்கும். ஆனால் அவர்கள் தினசரி வேலைக்கு ஓட்டும் வண்டியை எடுக்க மாட்டார்கள். எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதிவு அலுவலகத்திலும் இதே எண் குழப்பம் வரும். சேசிஸில் பொறித்த எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து, ஏற்றுமதிச் சான்றிதழோடு சேர்த்துக் காட்டுங்கள். டெக்சாஸில் பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் எண்ணை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்கு முன் அந்த இடத்தைத் துருவும் அழுக்கும் போகத் துடைத்து வைத்தால் போதும். சுரண்டாதீர்கள், தேய்ந்த எண் சந்தேகம் கிளப்பும்.

"ஹைவேல போகுமா?"

போகும், போகாதீர்கள். ஜப்பானிலேயே விரைவுச்சாலையில் கெய் வண்டிகளுக்கு 2000 வரை 80 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அதன் பிறகுதான் 100. டெக்சாஸ் நெடுஞ்சாலையில் 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர் என்பது சாதாரணம். ஏறத்தாழ 40 குதிரைத்திறன் என்ஜின் அங்கே முழு மூச்சில் கத்திக்கொண்டிருக்கும், பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி வரும்.

அதைவிட முக்கியம், உங்கள் முழங்காலுக்கும் முன்னால் போகும் வண்டிக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருக்கிறது. 1990களின் இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஏர்பேக் கிடையாது. நான் 45 மைலுக்கு மேல் பலகை போட்ட சாலையில் ஏறுவதில்லை, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளேயே பக்கத்துத் தெரு வரைக்கும்தான். ஊர்ச் சாலையில், காலையில், இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இதைவிட இன்பமான வண்டி எனக்குத் தெரியவில்லை.

"ரைட் ஹேண்ட் ஸ்டீயரிங் இங்க கஷ்டமா இல்லையா?"

நம்மூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இருக்கை பழக்கம், சாலைப் பக்கம்தான் மாறியிருக்கிறது. இடது பக்கம் திரும்பும்போதும் முன் வண்டியைத் தாண்டும்போதும் எதிரே வருவது தெரியாது. தாண்டாமல் இருப்பதே நல்லது. ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஜப்பானிய முகப்பு விளக்கின் ஒளி இடது ஓரம் உயரும்படி வடிவமைத்தது. இங்கே அந்த இடது பக்கம்தான் எதிர் வண்டி. அமெரிக்கத் தர விளக்குக்கு மாற்றாமல் இரவில் எடுக்காதீர்கள்.

"ஸ்பேர் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்? மெக்கானிக் யாராவது தொடுவாங்களா?"

பாகம் நினைப்பதைவிட எளிது. அமயாமா போன்ற தளங்களில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் வரைபடத்தோடு பாக எண் வரும். ஜப்பானிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் பெட்டி வந்துவிடும். வண்டி வந்ததும் முதல் வேலையாக டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், எல்லா ரப்பர் குழாய், பிரேக் திரவம், இவற்றை மாற்றிவிடுங்கள். சாம்பர், ஆக்டி, 1990களின் கேரி எல்லாவற்றிலும் பெல்ட்தான். யார், எப்போது மாற்றினார் என்று தெரியாத பெல்ட்டை நம்பி ஓட்டாதீர்கள்.

டயர் அளவு 145 ஆர் 12, நம் ஆம்னியின் அதே அளவு. அமெரிக்கக் கடையில் இந்த அளவில் டிரெய்லருக்கு மட்டுமான டயரை எடுத்துக் காட்டுவார்கள், அதைப் போடாதீர்கள். ஏசி உள்ள வண்டியா என்று ஏலத்தாளிலேயே பாருங்கள். 1990களின் நடுவிலிருந்து வந்தவற்றில் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் 134ஏ வாயுதான். டெக்சாஸ் ஆகஸ்ட்டில் அது இல்லாமல் தாங்காது. மெக்கானிக் விஷயத்தில், பெரிய பட்டறைகள் கணினியில் வண்டி இல்லை என்று திருப்பி அனுப்பும். மோட்டார் சைக்கிள், புல்வெட்டி இயந்திரம் பார்க்கும் சிறு பட்டறைக்காரர்கள் ஆசையாக எடுப்பார்கள். பாகத்தையும் வரைபடத்தையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

"ஊருக்குத் திரும்பும்போது இதைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போயிடலாமா?"

எனக்கும் அந்த ஆசை இருந்தது. எங்கள் ஊர் வரப்புச் சாலைக்கு அளந்து செய்த மாதிரி இருக்கும் இந்த வண்டி. ஆனால் இந்தியாவில் பழைய வண்டியை இறக்க அது தயாராகி மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். வலது பக்க ஸ்டீயரிங், மும்பைத் துறைமுகம், கனத்த வரி எல்லாம் அதற்குப் பிறகு. அமெரிக்கா 25க்கு மேல் கேட்கிறது, இந்தியா மூன்றுக்குள் கேட்கிறது. இரண்டுக்கும் ஒருசேர இந்த வண்டி பொருந்தாது.

ஆகவே ஒரு நாள் இது இங்கேயே இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்கென்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்: அசல் ஏற்றுமதிச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, ஏலத்தாள், எச்எஸ்-7, 3520-1, 7501, மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் ரசீதும். பெல்ட் மாற்றிய தேதியைக் கிலோமீட்டரோடு முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.